குடற்சுவரைப் பற்றிய ஐயம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே அமைந்த கைஸ் வைத்தியசாலையில், தம் கைத்திறத்தால் பிரசித்தி பெற்றிருந்த வில்லியம் அர்பத்நாட் லேன் என்னும் ரண சிகிச்சை நிபுணர், நாட்பட்ட மலச்சிக்கலோடு வந்த நோயாளிகளின், அவர்களுள்ளும் பெரும்பாலும் பெண்களின், வயிற்றைத் திறந்து, பெருங்குடலை ஏறக்குறைய முழுவதுமாக அறுத்தெடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையைக் கீழ்க்குடலோடு நேரே இணைத்துத் தைத்து வந்தார். ரத்தம் ஏற்றும் வசதியும் பெனிசிலினும் இல்லாத அந்நாளில் அத்தகைய சிகிச்சை எத்தனை அபாயகரமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் லேன் போலி வைத்தியரல்லர். முறிந்த எலும்பை உலோகத் தகடும் திருகும் கொண்டு பொருத்தும் முறையை நிலைநாட்டியவர்களுள் அவர் முன்னணியில் நிற்பவர். காயத்தின் உட்புறத்தை விரல் தீண்டாமல் நீண்ட கருவிகளாலேயே எல்லாக் காரியத்தையும் முடிக்க வேண்டும் என்ற கண்டிப்பான ஒழுங்கை ஏற்படுத்தியவர். 1913-ஆம் ஆண்டில் பாரனெட் பட்டம் பெற்றவர். இத்தகைய ஒருவர் ஓர் அவயவத்தையே வேண்டாத பொருளாகக் கருதி அகற்றத் துணிந்தார் என்றால், அத்துணிவுக்குப் பின்னே ஒரு கொள்கை இருந்தே தீரவேண்டும்.

அக்கொள்கை இது: நிமிர்ந்து நடக்கத் தலைப்பட்ட மனிதனுடைய குடல் தன் பாரத்தால் தாழ்ந்து, ஆங்காங்கே மடிந்து முறுக்கிக்கொள்கிறது, மடிந்த இடங்களில் கழிவு தேங்குகிறது, தேங்கிய கழிவில் கிருமிகள் பெருகி விஷங்களை உண்டாக்க, அவ்விஷங்கள் குடற்சுவரைக் கடந்து ரத்தத்தில் கலந்து, தலைவலியும் சோர்வும் முதலாக மூட்டுவாதமும் மனத்தளர்ச்சியும் ஈறாக எண்ணற்ற துன்பங்களை விளைவிக்கின்றன. வைத்தியர்கள் இப்படி ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு எல்லா நோய்க்கும் அதையே சொல்லும் வழக்கத்தை பெர்னார்ட் ஷா தம்முடைய 'டாக்டர்ஸ் டைலமா' என்ற நாடகத்தில், 1906-ஆம் ஆண்டிலேயே, வயிறு குலுங்கச் சிரிக்கும்படி கேலி செய்துவிட்டார். எந்த நோயாளி வந்தாலும் ரத்தம் விஷமேறியிருக்கிறது என்று சொல்லி, உடற்கூற்று நூல் எதிலும் காணப்படாத ஒரு பையை அறுத்தெடுக்கத் துடிக்கும் அந்நாடகத்து நிபுணருக்கு லேனே முன்மாதிரி என்று பலரும் சொல்வதுண்டு.

இந்த எண்ணம் லேனுடைய மூளையில் முதன்முதல் உதித்ததன்று. பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஷார்ல் பூஷார், 1887-ஆம் ஆண்டில் வெளிவந்த தம்முடைய சொற்பொழிவு நூலில், மனித சரீரம் இடையறாது தனக்குத் தானே விஷத்தை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது என்றும், கல்லீரலும் சிறுநீரகங்களும் அதை ஓயாமல் அகற்றிக்கொண்டிருப்பதனால்தான் நாம் உயிர் வாழ்கிறோம் என்றும், அவ்விஷங்களின் பிரதான ஊற்றுக்களில் ஒன்று குடலே என்றும் விரிவாக எடுத்துரைத்தார். மனிதருடைய சிறுநீரை முயல்களின் ரத்தக் குழாயில் செலுத்தி, எவ்வளவு செலுத்தினால் முயல் இறக்கிறது என்று அளந்து, அந்த அளவைக் கொண்டே நச்சுத்தன்மையைக் கணக்கிட்டார் அவர். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்று பாஸ்டரும் கோக்கும் ஸ்தாபித்த காலம் அது. புறத்திலிருந்து வரும் சில கிருமிகள் ஒரு மனிதனைக் கொல்லவல்லவை என்றால், அவன் வயிற்றுக்குள்ளேயே கோடானுகோடியாகக் குடியிருப்பவை சும்மா இருக்குமா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

அக்கேள்வியைத் தம் வாழ்நாளின் இறுதி வரை விடாது துரத்தியவர் இலியா மெச்னிகோஃப். ரத்தத்து வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன என்பதை, மெஸ்ஸினா கடற்கரையில் நட்சத்திர மீனின் இளம் உருவங்களை உருப்பெருக்கியின் கீழே நோக்கிக் கண்டறிந்து, பின்னர் பாரிஸில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, 1908-இல் நோபெல் பரிசையும் பெற்ற இந்த ருஷ்ய மேதை, முதுமை என்பதே ஒரு வியாதி என்றும், பெருங்குடலில் நடக்கும் அழுகலே அதற்கு ஒரு முக்கிய காரணம் என்றும் நம்பினார். பல்கேரிய நாட்டுக் குடியானவர்களில் நூறு வயது கடந்தவர்கள் அதிகம் என்றும், அவர்கள் தயிர் மிகுதியாக உண்பவர்கள் என்றும் கேள்வியுற்ற அவர், பாலைப் புளிக்கச் செய்யும் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் அழுகலை உண்டாக்கும் கிருமிகளை அடக்கிவிடும் என்று முடிவு கட்டினார். பல்கேரியத் தயிரிலிருந்த கிருமியை ஸ்டாமென் கிரிகோரோஃப் என்ற இளைஞர் ஜெனீவாவில் 1905-இல் பிரித்தெடுத்துக் காட்டியதும் இக்கருத்துக்கு வலுவூட்டியது. மெச்னிகோஃப் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். அருந்தியும் 1916-இல், எழுபத்தொன்றாம் வயதில், இருதய நோயால் காலமானார். ஒரு மனிதருடைய ஆயுளைக் கொண்டு ஒரு கொள்கையை நிறுக்கலாகாது என்பது உண்மையே எனினும், அவருடைய எதிரிகள் அந்த நியாயத்தைக் கடைப்பிடிக்கவில்லை.

கொள்கையைப் பற்றி விஞ்ஞானிகள் தர்க்கம் செய்துகொண்டிருக்கையிலேயே வியாபாரிகள் விரைந்து வந்துவிட்டார்கள். 1919-இல் பார்சலோனாவில் ஐசக் கராஸோ தொடங்கிய தனோன் கம்பெனியின் தயிர் முதலில் மருந்துக் கடைகளில்தான் விற்கப்பட்டது. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து பேட்டில் கிரீக் நகரில் ஜான் ஹார்வி கெல்லாக் நடத்திய ஆரோக்கிய நிலையத்தில் தயிரை வாய் வழியாகவும் ஆசன வழியாகவும் செலுத்தினார்கள். அறுவைக்கு அஞ்சியவர்களுக்கு லேன் திரவ பாரஃபின் எண்ணெயைச் சிபாரிசு செய்தார். அதுவும் ஏராளமாக விலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தையின் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டிய பாட்டிமார்களின் வழியில் வந்த நமக்கு இதிலெல்லாம் பெரிய வியப்புத் தோன்றாது. ஆனால் பாட்டி வயிற்றைச் சுத்தம் செய்ததோடு நிறுத்திக்கொண்டாளே தவிர, வயிற்றையே எடுத்தெறிய எண்ணியதில்லை.

லண்டனில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிஸின் என்ற வைத்தியர் சங்கம் 1913-இல் இவ்விஷயத்தைப் பல கூட்டங்களில் வைத்து விவாதித்தது. குடலில் உண்டாவதாகச் சொல்லப்படும் விஷம் எது, அதன் ரசாயனப் பெயர் என்ன, அது ரத்தத்தில் காணப்பட்டதா என்று கேட்டவர்களுக்குத் திருப்திகரமான விடை ஒன்றும் கிடைக்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, வால்ட்டர் ஆல்வரெஸ் என்ற அமெரிக்க வைத்தியர், மலச்சிக்கலுள்ளவனுக்கு வரும் தலைவலியும் மந்தமும் மலம் கழிந்த மாத்திரத்தில், சில நிமிஷங்களுக்குள்ளேயே, நீங்கிவிடுகின்றனவே என்ற எளிய உண்மையைச் சுட்டிக் காட்டினார். ரத்தத்தில் கலந்த விஷமாயின் அது அவ்வளவு விரைவில் மறையாது என்றும், குடல் விரிவதனால் நரம்புகளுக்கு நேரும் தூண்டுதலே இக்குறிகளுக்குக் காரணம் என்றும் வாதித்தார். அக்காலத்திலேயே வேறொரு சோதனையில், ஆரோக்கியமான ஆடவர்களின் மலக்குடலில் பஞ்சை வைத்து அடைத்துப் பார்த்தபோது, அதே தலைவலியும் அதே மந்தமும் அவர்களுக்கும் உண்டாயின. பஞ்சில் விஷம் ஏது? லேனுடைய கொள்கை அந்தப் பஞ்சுருண்டையிலேயே தடுக்கி விழுந்தது எனலாம்.

விழுந்ததில் தவறில்லை, விழுந்தபோது தன்னோடு ஒரு நல்ல கேள்வியையும் இழுத்துக்கொண்டு போயிற்று என்பதுதான் பரிதாபம். குடற்சுவரைக் கடந்து ஏதேனும் உள்ளே போகிறதா என்று கேட்பதே கௌரவமுள்ள வைத்தியனுக்குத் தகாத காரியமாகிவிட்ட அந்நாட்களில், கேள்விக்கு நேரடியான விடை ஒன்று நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியிலிருந்து வந்தது, கவனித்தவர் சிலரே. மீன் ஒவ்வாத ஒருவருடைய ரத்தத்தின் தெளிநீரை ஒவ்வாமை இல்லாத ஒருவருடைய தோலில் சிறிதளவு செலுத்தி வைத்தால், அந்த இடம் மட்டும் மீனுக்கு ஒவ்வாததாகிவிடும் என்று ஜெர்மனியில் பிராஸ்னிட்ஸ், கியூஸ்ட்னர் என்ற இருவர் 1921-இல் காட்டியிருந்தார்கள். புரூக்ளினில் மாத்யூ வால்ஸர் என்ற ஆராய்ச்சியாளர் அதையே கருவியாகக் கொண்டு, அவ்விதம் தோலில் ஊசி போட்டுக்கொண்ட ஆரோக்கியசாலிகளுக்கு மீனை உண்ணக் கொடுத்தார். சற்று நேரத்தில் கையில் அந்த ஓர் இடம் தடித்துச் சிவந்தது. ஜீரணமாகாத மீன் புரதம், மிக நுண்ணிய அளவிலேனும், பழுதற்ற குடலின் சுவரைத் தாண்டி ரத்தத்தோடு ஓடித் தோல் வரை வந்துவிட்டது என்பதற்கு இதைவிடக் கண்கூடான பிரமாணம் வேண்டுமா? 1927-இல் வெளிவந்த இந்த ஆராய்ச்சி, கசிவு என்பது நோயுற்றவனுக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தெளிவாக்கிற்று.

ஏறக்குறைய அதே காலத்தில் நம்முடைய நீலகிரியிலும் ஒருவர் குடலை நோக்கிக்கொண்டிருந்தார். குன்னூரில் இருந்த பாஸ்டர் நிலையத்தில் ஒதுக்கப்பட்ட சிறிய இடத்தில் வேலை செய்துவந்த ராபர்ட் மக்காரிஸன், குரங்குகளுக்கு வெப்பத்தால் சத்து அழிக்கப்பட்ட அரிசி முதலிய குறையுணவைக் கொடுத்து வளர்த்து, பின் அவற்றின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது, குடலின் தசை மெலிந்து, உட்படலம் புண்ணாகி, கிருமிகளை எதிர்க்கும் சக்தி குன்றியிருக்கக் கண்டார். 1921-இல் வெளியான அவருடைய நூலில் இது விரிவாகப் பேசப்படுகிறது. லேன் குடலின் அமைப்பைக் குற்றம் சொன்னார். மெச்னிகோஃப் கிருமியைக் குற்றம் சொன்னார். மக்காரிஸனோ தட்டில் விழும் சோற்றை நோக்கி விரலை நீட்டினார். பிற்காலத்தில் வேலூரிலும் டாக்காவிலும் நடக்கவிருந்த ஆராய்ச்சிகளுக்கு மூவரிலும் அவரே நெருங்கியவர் என்று எனக்குப் படுகிறது.

சுவர் என்று இதுவரை சொல்லிவந்தோமே, அது ஒரேயொரு வரிசை உயிரணுக்களால் ஆனது. நாலைந்து நாட்களுக்கு ஒருமுறை முற்றும் புதிதாகிக்கொண்டே இருப்பது. அவ்வணுக்களின் இடுக்குகளில் ஒருவகைச் சாந்து பூசப்பட்டிருப்பதாகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் உடற்கூற்று நிபுணர்கள் எண்ணியிருந்தார்கள். 1963-இல் மாரிலின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும் எலெக்ட்ரான் உருப்பெருக்கியால் நோக்கி, அங்கே சாந்து ஒன்றும் இல்லை என்றும், அடுத்தடுத்த அணுக்களின் மேல்விளிம்புகள் ஒட்டியாணம்போல் சுற்றி ஓடும் ஒரு பட்டையால் நெருங்கப் பிணைக்கப்பட்டிருக்கின்றன என்றும் காட்டினார்கள். அந்தப் பட்டையும் ஒரே தன்மையதன்று என்பது அடுத்த பத்தாண்டுகளில் வெளியாயிற்று. சிறுநீர்ப்பையில் அது நீரையும் உப்பையும் ஏறக்குறைய முற்றிலும் தடுக்கிறது, சிறுகுடலிலோ தாராளமாக விடுகிறது. ஆகவே உடலியல் நூல்களில் சிறுகுடலைக் கசிவுள்ள படலம் என்று எழுதும்போது அது குறைகூறல் அன்று. கசியாத சிறுகுடல் பட்டினியால் வாடும் குடலே. 1993 முதல், ஜப்பானில் ஷோய்ச்சிரோ சுகிதாவின் ஆய்வுக்கூடத்தில் அப்பட்டையைக் கட்டும் புரதங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தறியப்பட்டன. அவற்றுள் சில இடுக்கை மூடுவன, சில குறிப்பிட்ட அணுத்துகளுக்கு மட்டும் வழிவிடுவன. சுவர் என்று நினைத்தது காவலுள்ள வாயிலாக மாறிற்று.

உயிரோடிருக்கும் மனிதனிடத்தில் அவ்வாயிலின் நிலையை அறுக்காமல் அறிவது எவ்வாறு? லண்டன் செயின்ட் தாமஸ் வைத்தியசாலையின் இயான் மென்ஸீஸ் 1970-களில் ஓர் அழகான உபாயத்தைப் பிரபலப்படுத்தினார். உடலுக்குப் பயன்படாத இரண்டு சர்க்கரைகளை நீரில் கலந்து குடிக்கச் செய்வது; அவற்றுள் மானிட்டால் என்னும் சிறியது எளிதில் உட்புகும், லாக்டுலோஸ் என்னும் பெரியது இடுக்கு அகன்றிருந்தாலன்றி அதிகம் புகாது; உட்புகுந்தவை மாறாமல் சிறுநீரில் வெளிவரும்; ஐந்து மணி நேரத்துச் சிறுநீரைச் சேர்த்து இரண்டின் விகிதத்தைக் கண்டால் வாயிலின் நிலை தெரியும். பூஷார் முயல்களைக் கொன்று அளக்க முயன்றதை ஒரு குவளைச் சர்க்கரை நீரால் அளக்கும் காலம் வந்தது. 1984-இல் பியார்னஸன் என்ற ஐஸ்லாந்து வைத்தியரும் அவருடைய தோழர்களும், கதிரியக்கக் குரோமியம் சேர்ந்த ஒரு பொருளைக் கொண்டு, மதுவுக்கு அடிமையானவர்களின் குடல் அளவுக்கு மீறிக் கசிகிறது என்று 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார்கள். மூட்டுவலிக்கு உட்கொள்ளும் மாத்திரைகளாலும் அப்படியே நேர்கிறது என்பதும் நிரூபணமாயிற்று. அறுபது ஆண்டுகள் ஏளனத்துக்கு ஆளாயிருந்த விஷயம் மறுபடியும் பெரிய பத்திரிகைகளின் பக்கங்களுக்குள் நுழைந்தது.

நுழைந்தவுடன் பழைய ஆவேசமும் கூடவே வந்தது. மெரிலாந்து பல்கலைக்கழகத்தில் காலராவுக்குத் தடுப்பு மருந்து தேடிக்கொண்டிருந்த அலெஸ்ஸியோ ஃபஸானோ, காலராக் கிருமியின் பிரதான நஞ்சை நீக்கிய பின்னும் அது பேதியை உண்டாக்குவது ஏன் என்று ஆராயப் புகுந்து, அணுக்களின் பிணைப்பைத் தளர்த்தும் வேறொரு நஞ்சைக் கண்டார். மனித உடலிலேயே அதையொத்த ஒரு பொருள் இருக்கக்கூடும் என்று தேடி, 2000-ஆம் ஆண்டில் ஸோனுலின் என்று அதற்குப் பெயரிட்டார். கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயில் அது மிகுந்திருப்பதாகத் தெரியவே, பிணைப்பை இறுக்கும் மருந்தொன்று தயாராயிற்று; ஆனால் லாரஸோடைட் என்னும் அம்மருந்தின் இறுதிக்கட்டப் பரிசோதனை, நடுவில் பார்த்த கணக்கில் பலன் தென்படாமையால், 2022-இல் நிறுத்தப்பட்டது. ரத்தத்தில் ஸோனுலினை அளப்பதாகச் சொல்லிக் கடைக்கு வந்த சோதனைப் பெட்டிகள் உண்மையில் வேறு புரதங்களையே அளக்கின்றன என்று ஆய்வாளர்கள் சிலர் காட்டிவிட்டார்கள். பெட்டிகள் விற்பனையில்தான் இருக்கின்றன. சோர்வா, தோல் அரிப்பா, மூட்டு வலியா, மனக்கலக்கமா, எல்லாவற்றுக்கும் 'லீக்கி கட்' என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மாத்திரையும் பொடியும் விற்பவர்களின் பட்டியலை, லேனுடைய பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் படித்தால், வரிக்கு வரி ஒத்திருப்பதைக் காணலாம். சீலியாக் நோயிலும் குரோன் நோயிலும் கசிவு மிகுகிறது என்பது அளந்து கண்ட உண்மை; கசிவு முந்தியதா நோய் முந்தியதா என்பது குரோன் நோயைப் பொறுத்தவரையில் இன்னும் தீராத வழக்கு.

வழக்கு தீரக் காத்திராமலே குடற்சுவர் கோடிக்கணக்கானவர்களைப் பாதித்துக்கொண்டிருக்கும் இடம் லண்டனும் அன்று, பாஸ்டனும் அன்று. 1957-இல் வில்லியம் கிராஸ்பி என்ற அமெரிக்க ராணுவ வைத்தியர், விழுங்கக்கூடிய ஒரு சிறு உலோகக் குப்பியால் சிறுகுடலின் உட்படலத்தில் ஒரு துணுக்கை வெட்டியெடுக்க வழி கண்டார். வடஆற்காட்டுக் கிராமங்களில் 1960-களின் தொடக்கத்தில் ஸ்புரூ என்னும் நோய், ஓயாத பேதியும் நாக்குப் புண்ணும் சோகையும் மெலிவுமாகக் கொள்ளைநோய்போல் பரவியபோது, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர் என்ற ஆஸ்திரேலியரும் வி. ஐ. மாத்தனும் அவர்களுடைய தோழர்களும் அக்குப்பியோடு ஊர் ஊராக ஆராய்ச்சி நடத்தினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆரோக்கியமானவர்களின் குடலையும் சோதித்தார்கள். அங்கேதான் ஆச்சரியம் காத்திருந்தது. மேல்நாட்டு நூல்களில் விரல்கள்போல் நீண்டு நெருங்கி நிற்பதாக எழுதியிருந்த குடலுறிஞ்சிகள், ஒரு வியாதியும் இல்லாத நம் ஜனங்களுக்கு இலைகளைப்போல் அகன்றும் குட்டையாகியும், சில இடங்களில் வரப்புகளாக ஒன்றிணைந்தும் கிடந்தன. இது இனத்தின் இயல்போ என்ற ஐயத்தையும் அவர்களே தீர்த்தார்கள். பிறவாத சிசுக்களின் குடலில் விரல்கள் விரல்களாகவே இருந்தன. பிறந்து, இந்த மண்ணின் நீரைக் குடித்த பிறகே அவை தேய்ந்தன.

டாக்காவிலிருந்து ஜான் லிண்டன்பாம் 1966-இல் எழுதிய செய்தி இதை மறுபக்கத்திலிருந்து உறுதிப்படுத்தியது. தொண்டு செய்ய வந்த அமெரிக்க இளைஞர்களின் குடலும் சில மாதங்களில் அவ்விதமே தேய்ந்திருந்தது. அவர்கள் ஊர் திரும்பியதும் மீண்டும் தழைத்தது. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர்களையும் பாகிஸ்தானியர்களையும் அவரே பிறகு சோதித்தார். அவர்களுடைய குடலும் தேறத்தான் செய்தது, ஆனால் அதற்கு வருஷங்கள் பிடித்தன.

மென்ஸீஸின் சர்க்கரை நீர் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது கதை குழந்தைகளிடம் வந்து சேர்ந்தது. காம்பியா நாட்டுக் கெனேபா கிராமத்தில் பீட்டர் லன் முதலியோர் கைக்குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து அளந்து, வளர்ச்சி குன்றுவதில் 43 சதவீதம் வரை குடற்சுவரின் பழுதோடு சேர்த்து விளக்கக்கூடியது என்று 1991-இல் வெளியிட்டார்கள். விகிதம் உயர்வது பெரிய சர்க்கரை அதிகம் கசிவதனால் மட்டுமன்று, உறிஞ்சும் பரப்புச் சுருங்கிச் சிறிய சர்க்கரை குறைவாகப் புகுவதனாலும் நேரலாம் என்ற எச்சரிக்கையை இங்கே மறக்கலாகாது. ஆயினும் சோறு போட்டால் மட்டும் பிள்ளை வளராது, சோற்றை வாங்கிக்கொள்ளும் குடலும் செம்மையாயிருக்க வேண்டும் என்பது அன்று முதல் உலக சுகாதார நிபுணர்களின் பேச்சாயிற்று. வேலூரையும் உள்ளிட்டு எட்டு இடங்களில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆராய்ச்சி 2009-இல் தொடங்கியது. பங்களாதேஷ், கென்யா, ஜிம்பாப்வே நாடுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கழிப்பிடம் கட்டிக் கொடுத்து, குடிநீரைச் சுத்தி செய்யவும் சோப்பால் கை கழுவவும் பழக்கி, குழந்தைகளின் உயரத்தை அளந்தார்கள். 2018-லும் 2019-லும் முடிவுகள் வந்தன: கூடுதல் ஆகாரம் பெற்ற குழந்தைகள் சற்றே உயர்ந்திருந்தார்கள், கழிப்பிடமும் கை கழுவுதலும் மட்டும் பெற்றவர்கள் உயரவில்லை. குடிசைக்குப் பக்கத்தில் ஒரு குழிக் கழிப்பிடம் வந்தாலும், முற்றத்தில் கோழி எச்சமும், தவழும் குழந்தை வாயில் வைக்கும் மண்ணும், தெருவில் தேங்கும் சாக்கடையும் முன்போலவே இருந்தன. நியூயார்க் சென்றவர்களுக்குக் குழாய் நீர் முதல் தெருப் புழுதி வரை ஊரே மாறியிருந்தது. அப்படியும் அவர்களுக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன, பரிசோதனைக் குழந்தைகளை அளந்ததோ பெரும்பாலும் இரண்டு வயதுக்குள்.